ஒரே சம்பவம், ஏழு மனு

கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 11 வருடம் ஆகிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், மனு டைப் அடிப்பது, இவ்வளவுதான் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், காலை எட்டு மணிக்கே கூட்டம் வந்துவிடும். பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் சந்துப் பாதையை அடைத்துவிட்டார் என்று வருகிறவர்கள் சத்தமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு நடுவில் வாரத்துக்கு ஒருத்தியோ இரண்டு பேரோ ஓரமாக நிற்பார்கள், கூட்டம் குறையட்டும் என்று. கையில் மஞ்சப்பையோ பழைய துணிக்கடைக் கவரோ இருக்கும். உள்ளே ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிச் சீட்டு. பையைப் பார்த்தாலே எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அப்படி வந்த ஒருத்தியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் முதல் தடவை வந்தாள். மகளிர் ஸ்டேஷனுக்கு மனு. கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான், இடது கையில் எலும்பு விரிசல். சொல்லிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள். கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "அதையும் எழுதணுமாக்கா?" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. "நீ சொன்னா எழுதறேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம். ஆம்பள போலீஸும் படிப்பாங்கல்ல."

ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். கணவனைக் கூப்பிட்டு, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் சேர்த்தே அனுப்பிவைத்தார்கள். பத்து நாளில் மறுபடி என் கடை வாசலில் நின்றாள். இந்தத் தடவை எஸ்.பி.க்கு. அங்கிருந்து மறுபடி அதே ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். பிறகு கலெக்டருக்கு ஒரு மனு. கலெக்டர் ஆபீஸில் சமூக நலத்துறையைப் பாருங்கள் என்றதும் மாவட்ட சமூக நல அலுவலருக்கு ஒன்று. இலவச வக்கீல் வேண்டுமென்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒன்று. ஏ.ஆர். காப்பி, அதாவது காயத்தைப் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகல், கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஒன்று. பையனுக்கு டி.சி. கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. நாலு மாதத்தில் ஏழு மனு. ஏழு தடவையும் முதலிலிருந்து சொன்னாள். மூன்றாவது மனுவில்தான் 'அதையும்' எழுதச் சொன்னாள்.

இதில் எந்த அலுவலகத்தையும் தனியாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவரும் தன் மேஜைக்கு வந்த காகிதத்துக்கு ஏதோ ஒன்று செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போவது அவள் வேலையாக இருந்தது. கட்டுப்போட்ட கையோடு, பஸ்ஸுக்குக் கடன் வாங்கி, வேலைக்கு லீவு போட்டு.

இதை வெறும் அலைச்சல் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று கோர்ட்டில் குறுக்கு விசாரணை நடந்த அன்றைக்குத்தான் புரிந்தது. மத்தியானம் நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். "ஒரு மனுவுல செவ்வாக்கிழமைன்னு இருக்காம், இன்னொண்ணுல புதனாம். ரெண்டுல எது பொய்னு அவரோட வக்கீல் கேக்கறாருக்கா." அடித்தது செவ்வாய் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல். செவ்வாயும் சரி, புதனும் சரி. முதல் இரண்டு மனுவில் இல்லாத 'அது' மூன்றாவதில் எப்படி வந்தது, யார் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தாய் என்றும் கேட்டிருக்கிறார். ஏழு மனுவையும் டைப் அடித்தது நான். பழைய காப்பியைப் பார்த்துத் தேதியை ஒன்றாகப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனுவுக்கு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கேள்வி தயாரித்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த 'அது' பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால், கணவன் வற்புறுத்தி உறவு கொள்வதைப் பாலியல் வன்புணர்வு என்று நம் குற்றவியல் சட்டம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விலக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடி உதை மட்டுமல்ல, பாலியல் கொடுமையும் வார்த்தையால் நோகடிப்பதும் செலவுக்குப் பணம் தராததும் வன்முறைதான் என்கிறது. ஸ்டேஷன் மேஜையில் பெயரே இல்லாத ஒரு கொடுமைக்கு, அந்தச் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலரின் மேஜையில் பெயர் இருக்கிறது. முதல் நாளே இவளை அங்கே யாராவது கூட்டிப்போயிருந்தால், டி.ஐ.ஆர். என்கிற ஒற்றைக் குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கையில் எல்லாம் பதிவாகி மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்கும். மனு கொடுத்த மூன்று நாளைக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இவளுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பல இடங்களில் அந்த ஆளையே போடாமல் இருந்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். மாவட்டம், தாலுகா அளவில் அலுவலர்களைக் கண்டறிந்து நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

சரி, ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. அதற்குப் பெயரே ஒருங்கிணைந்த சேவை மையம். 2012 டிசம்பர் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு வந்த உஷா மெஹ்ரா ஆணையம் இதைப் பரிந்துரைத்தது. 2015 ஏப்ரல் முதல், பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து நடக்கிறது. சிகிச்சை, போலீஸ், வக்கீல், மனநல ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்க இடம், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் என்பதுதான் திட்டம். ஆஸ்பத்திரி வளாகத்திலோ பக்கத்திலோ இருக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். அதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் அடிபட்டவள் ஸ்டேஷனுக்குப் போவதற்கு ரொம்ப முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறாள்.

ஆனால் எப்படிப் போகிறாள்? அவளுடைய ஏ.ஆர். காப்பியை நான்தான் ஜெராக்ஸ் போட்டேன். வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. "கேக்கும்போது அவரு பக்கத்துலதான் நின்னாரு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன்" என்றாள். டூட்டி டாக்டருக்கு அன்றைக்கு எத்தனை நோயாளிகளோ. ஆனால், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று அந்த ஆளிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மும்பை பாந்த்ராவில் பாபா மருத்துவமனை என்று மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. 2000-ஐ ஒட்டி அங்கே 'திலாசா' என்ற பிரிவைத் தொடங்கினார்கள். ஆறுதல் என்று அர்த்தம். அதன் அடிப்படையே இதுதான். காயத்துக்கும் சொல்லும் காரணத்துக்கும் பொருந்தவில்லை என்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க நர்ஸுக்கும் டாக்டருக்கும் பழக்கம் கொடுப்பது, அதே கட்டடத்தில் அடுத்த அறைக்கு அனுப்புவது. மலேசியாவில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் 1990-களிலேயே இதைச் செய்துவிட்டார்கள்.

பாலியல் வன்முறை என்றால் இந்த ஒருங்கிணைப்புக்கு மணிக்கணக்கு இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாள் வரை கொடுக்கலாம், இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் தண்டனை உண்டு என்று 2013 முதல் சட்டம் இருக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்கலாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மனு டைப் அடித்து டைப் அடித்துத் தெரிந்துகொண்டேன். நடுராத்திரி காஷுவாலிட்டி வாசலில் நிற்கிற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். நான் கேட்பது அந்த ஓர் ஆளைத்தான்.

அந்த ஆளுக்கும் பதவி இருக்கிறது, சேவை மையத்தில் கேஸ் ஒர்க்கர் என்பார்கள். அந்த வேலைக்கான விண்ணப்பமும் என் கடையில்தான் டைப் ஆகிறது. எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணிப் படிப்பு முடித்த பெண்கள் வருவார்கள். ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம், ஷிப்ட் முறை. இரண்டு வருடத்தில் அதே பெண் வேறு வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வருவாள். அவளை நம்பிக் கதை சொன்னவர்கள் அடுத்து வருகிறவளிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். எத்தனை கட்டடம் திறந்தோம் என்று மேடையில் கணக்குச் சொல்கிறார்கள். எத்தனை கேஸ் ஒர்க்கர் ஐந்து வருடம் நிலைத்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

எல்லா அலுவலகமும் ஒன்று சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதிலும் ஒரு பயம் இருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் வெளியாகி, போன் போனாகச் சுற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த வாரம் ஒரு பெண் மனு அடிக்க வந்து, பாதியில், "கம்ப்யூட்டர்லருந்து அழிச்சிடுங்கக்கா" என்று எழுந்து போனாள். பிறகு வரவே இல்லை. ஒரு காகிதம் ஐந்து மேஜைக்குப் போகும்போது ஐந்து செல்போன் கேமராவையும் தாண்டித்தான் போகிறது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை அவளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

பொள்ளாச்சி பாலியல் வழக்கிலும் ஆரம்பத்தில் போலீஸ் தரப்பே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொன்னது. அப்படிப்பட்ட வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது, ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். ஆறு வருடம் அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் யார் யார் நின்றிருப்பார்கள் என்றுதான் அந்தச் செய்தியைப் படித்தபோது யோசித்தேன்.

"எவ்வளவு செஞ்சாலும் இவங்க திரும்ப அவன்கிட்டயே போயிடுவாங்க மேடம்" என்று ஒரு ஏட்டு ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார். நானும் அப்படி அலுத்துக்கொண்டவள்தான். நான் சொல்கிற இவளும் நடுவில் ஒரு தடவை திரும்பிப் போனாள். அடுத்து வந்தபோது, "மறுபடியுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் மனு அடிக்காமலே போய்விட்டாள், ஒரு மாதம் வரவில்லை. பையன் பரீட்சை முடியும்வரை போயிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் வெளியே வந்து சொல்பவர்கள் கொஞ்சம்தான். வந்த கொஞ்சம் பேரையும் என்னைப் போல ஒருத்தி ஒரு வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்போது கடையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மனு அடிக்கும் முன், "ஏற்கெனவே எங்கயாவது குடுத்த காப்பி இருக்கா?" என்று கேட்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி, நேரம் சரிபார்க்கிறேன். கண்ணாடியில் பெண்கள் உதவி எண் 181-ஐ ஒட்டியிருக்கிறேன். முதல் தடவை வருகிறவர்களை, மனு அப்புறம் அடிக்கலாம் என்று சொல்லி, முதலில் சேவை மையத்துக்கு அனுப்புகிறேன். வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பரவாயில்லை.

போன மாதம் அவள் வந்தாள். இந்தத் தடவை மனு இல்லை. மாஜிஸ்திரேட் கொடுத்த பாதுகாப்பு உத்தரவு, மடிப்பில் கிழிந்து டேப் போட்டு ஒட்டியிருந்தது. லேமினேஷன் வேண்டுமாம். அவன் தெருமுனையில் வந்து நிற்கும்போதெல்லாம் இதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் டூட்டியில் இருக்கிறார், ஆர்டர் எங்கே என்று கேட்கிறார். உத்தரவின் நகலைக் கோர்ட்டே அந்தப் பகுதி ஸ்டேஷனுக்கு இலவசமாக அனுப்ப வேண்டும் என்று அதே சட்டத்தில் 24-வது பிரிவு இருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். "அனுப்பிச்சிருக்காங்களாம்க்கா. எங்க இருக்குன்னுதான் தெரியலயாம்."

ஒரிஜினலை லேமினேட் பண்ண வேண்டாம் என்று சொல்லி, மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்தேன். முத்திரை இருக்கிற கடைசிப் பக்கத்தை மட்டும் தனியாக லேமினேட் போட்டேன். மிஷினிலிருந்து சூடாக வந்ததைத் துணியில் துடைத்துக் கொடுத்தேன். வாங்கி மஞ்சப்பையில், கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் வைத்துக்கொண்டாள்.