அடக்கி வாசித்த ஹெர்பி ஹான்காக்

நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பழைய நண்பர் ஒருவர் சொன்னார்: "ஹெட் ஹன்டர்ஸா? அது டான்ஸ் ஆடறதுக்குப் போட்ட ஆல்பம்ப்பா. ஜாஸ் தெரியாதவங்களுக்கு." என் வாயில் சோறு இருந்தது. அவர் அவசரமாகக் கிளம்பியும் விட்டார். அவர் சொன்னது அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக் 1973இல் போட்ட ஆல்பத்தை. சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒரு ஒப்புதல். நானும் ஒரு காலத்தில் அவர் கட்சிதான். முதல் தடவை இந்த ஆல்பத்தைக் கேட்டது போன் ஸ்பீக்கரில். முதல் பாட்டு 'கமீலியன்' ஓடுகிறது, அடியில் ஏதோ கொசு முனகுகிற மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று மூடிவிட்டேன். ரொம்ப நாள் கழித்து ஒரு நண்பன் வீட்டில் ஆளுயர ஸ்பீக்கரில் அதே பாட்டு. அந்தக் கொசு இருந்த இடத்தில் ஒரு யானை நடந்து வந்தது. பேஸ் என்ற அடி ஸ்தாயி ஒலியையே நான் அதுவரை கேட்டிருக்கவில்லை. போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. தயவுசெய்து ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

அந்த பேஸை வாசிப்பது பேஸ் கிடார் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆர்ப் ஒடிசி என்ற சின்தசைசரில் ஹான்காக்கே வாசிக்கிறார். முதலில் அது மட்டும் தனியாக. பிறகு ஹார்வி மேசனின் டிரம்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்கிறது. அதன் மேல் கிடார் மாதிரி ஒன்று சுண்டிச் சுண்டிக் கேட்கும். ஆல்பம் முழுக்கத் தேடினாலும் கிடார் கிடையாது. பால் ஜாக்சன் பேஸ் கிடாரை மேல் ஸ்தாயியில் வாசிக்கிறார், அவ்வளவுதான். அப்புறம் கிளாவினெட். கீபோர்டு போலத்தான் இருக்கும், உள்ளே நிஜத் தந்தி, அதனால் அந்த 'சக் சக்' சத்தம். இத்தனையும் சேர்ந்த பிறகுதான் மெட்டு வருகிறது. பந்தி போட்டு, இலை விரித்து, தண்ணீர் தெளித்து, கடைசியாகச் சோறு.

இதை ஈஸி என்கிறவர்களுக்கு ஒரு சோதனை. என் வீட்டில் மகளுக்கு வாங்கிய சின்ன கீபோர்டு இருக்கிறது. அவள் தொடுவதில்லை. பேஸில் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னப் பிடியைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. நானெல்லாம் வித்வான் கிடையாது, சின்ன வயதில் மூன்று வருடம் வாய்ப்பாட்டு, அதோடு சரி. பிடி வந்துவிட்டது. பாட்டோடு சேர்த்து ஐந்து நிமிடம் வாசிப்போம் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே விரல் அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு சின்ன அலங்காரம், ஓரத்தில் ஒரு கூடுதல் ஸ்வரம், ஏதாவது செய்தால்தான் நிம்மதி. செய்த அடுத்த நொடி மொத்தமும் சரிந்தது. டிரம்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அந்தப் பிடியை வாசித்த மனிதர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பதினோரு வயதில் சிகாகோ சிம்பொனியோடு மொஸார்ட்டின் பியானோ கான்செர்ட்டோ வாசித்தவர். 1963 முதல் ஐந்து வருடம் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் பியானோ. கல்லூரியில் தொடங்கியது மின்பொறியியல், அதனால் வயரும் ஸ்விட்சும் அவருக்குப் பயமில்லை. ஆனாலும் 1968இல் மைல்ஸ் ஸ்டூடியோவில் எலக்ட்ரிக் பியானோவைக் காட்டி 'அதை வாசி' என்றபோது, இது என்ன பொம்மை என்றுதான் நினைத்தாராம். தொட்ட பிறகு விடவில்லை.

அதற்கப்புறம் தனியாக ஒரு ஆறு பேர் குழு வைத்து மூன்று வருடம் விண்வெளி மாதிரி இசை செய்தார். 'க்ராஸிங்ஸ்', 'செக்ஸ்டன்ட்' எல்லாம் அந்தக் காலத்தவை. எனக்குப் பிடிக்கும். வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்காது. அந்த நாளிலும் கதை அதுதான், கூட்டமும் இல்லை, காசும் இல்லை. 1973இல் குழுவைக் கலைத்தார். ரொம்ப நாள் ஆகாயத்திலேயே திரிந்துவிட்டோம், கால் தரையில் பட வேண்டும் என்று தோன்றியதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். பழைய குழுவிலிருந்து ஊதுகுழல்காரர் பென்னி மாப்பினை மட்டும் வைத்துக்கொண்டார். மற்ற மூவரும் புதியவர்கள், ஃபன்க் என்ற, ஆட வைக்கும் அமெரிக்க இசையின் தாளம் ரத்தத்தில் ஊறியவர்கள். அந்த வருட செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒலிப்பதிவு, அக்டோபரில் வெளியீடு. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

"விலை போய்விட்டார்" என்று அப்போதும் சொன்னார்கள். நேற்று என் நண்பர் சொன்னதும் அதே வசனம்தான், ஐம்பது வருடம் பழையது. எனக்கு இதில் ஒரு எரிச்சல் உண்டு. விரல் ஓடுவதை வைத்து எடை போடுகிறவர்களுக்கு, ஓடக்கூடிய விரல் ஒரே இடத்தில் நிற்பது கண்ணில் படுவதே இல்லை. நம் ஊரில் 'அடக்கி வாசி' என்று யாரை வேண்டுமானாலும் மிரட்டுகிறோம். அது நிஜமாகவே வாசிப்பைப் பற்றிய சொல் என்பது எனக்கு இந்த ஆல்பத்தைக் கேட்டபோதுதான் உறைத்தது.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு ஒரு கொசுறு. 'கமீலியன்' முதல் பாதி முழுக்க இரண்டே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம் இரண்டுதான். பி ஃபிளாட்டை ஸட்ஜமாக வைத்தால் ஒன்று ஸட்ஜமத்தில் நிற்கும், இன்னொன்று மத்யமத்தில். மேலே ஓடும் ஸ்வரங்கள் நம் கரஹரப்ரியாவுடையவை, அவர்கள் டோரியன் என்பார்கள். ஆனால் பேஸ் ஏறும்போது காகலி நிஷாதத்தையும் அந்தர காந்தாரத்தையும் உரசிக்கொண்டு ஏறுகிறது. ராகம் என்று சொன்னால் வித்வான்கள் அடிக்க வருவார்கள். நான் சொல்லவில்லை.

ஏழரை நிமிடம் தாண்டியதும் பாட்டு சட்டை மாற்றுகிறது. பேஸ் வேறு, நடை வேறு, மேலே ஃபெண்டர் ரோட்ஸ் என்ற எலக்ட்ரிக் பியானோ. இங்கேதான் ஹான்காக் விரலை அவிழ்த்து விடுகிறார். அவ்வளவு நேரம் கட்டி வைத்திருந்ததால்தான் அந்த ஓட்டம் அப்படி இனிக்கிறது. பிறகு சத்தமே போடாமல் பழைய பிடிக்குத் திரும்புவார்கள். அந்த இடம் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஊர் எல்லையில் பஸ் திரும்புகிற மாதிரி.

அடுத்தது 'வாட்டர்மெலன் மேன்'. சிறுவயதில் சிகாகோ சந்துகளில் குதிரை வண்டியில் தர்பூசணி விற்றவரின் ஞாபகத்தில் 1962இல் அவர் போட்ட துள்ளலான பாட்டு. பதினோரு வருடம் கழித்து அதையே ஹார்வி மேசன் பிரித்து மெதுவாக்கிக் கட்டினார். தொடக்கத்தில் கேட்கும் 'ஹூ ஹூ' புல்லாங்குழல் அல்ல. குழுவின் தாளவாத்தியக்காரர் பில் சம்மர்ஸ் பீர் பாட்டிலில் ஊதியும் குரல் கொடுத்தும் செய்தது. மத்திய ஆப்பிரிக்காவின் பாபென்ஸெலே மக்கள் ஒற்றைச் சுரக் குழலையும் குரலையும் மாற்றி மாற்றிப் பின்னும் முறை அது. 1966இல் வந்த களப்பதிவு இசைத்தட்டிலிருந்து எடுத்த பாணி. பின்னால் 1994இல் மடோனா இந்தத் தொடக்கத்தை வெட்டித் தன் பாட்டில் போட்டபோது ஹான்காக்கின் பெயர் இடம்பெற்றது. காட்டில் அதை ஊதிய ஆட்களின் பெயர் எங்கும் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம்தான், ஆனால் இந்த இடம் ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

'ஸ்லை' என்ற மூன்றாவது பாட்டு ஃபன்க் பாடகர் ஸ்லை ஸ்டோனுக்கான வணக்கம். ஹான்காக் மெய்மறந்த இசைக்காரர் அவர். சோப்ரானோ சாக்ஸில் மாப்பின் தெறிக்க விடுவார். 'ஃபன்க்' என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கேட்கும் முன்பே எழுந்து போயிருப்பார்கள் என்று சந்தேகம். கடைசிப் பாட்டு இரவு பதினோரு மணிக்கு மேல் மட்டும். பாஸ் கிளாரினெட், தூரத்தில் யாரோ அணிவகுத்துப் போகிற மாதிரி ஒரு டிரம், அதிகம் பேச எதுவுமில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு நேற்று ராத்திரி மறுபடி கீபோர்டை இழுத்துப் போட்டேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டதால் வீட்டில் யாரும் விழிக்கவில்லை. நான்கு நிமிடம் இருபது வினாடி தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் கட்டைவிரல் தானாகப் போய் ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டது.