குழி எண்ண இயந்திரம் வேண்டாம்

ரோட்டில் குழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க லேசர் வண்டி எதற்கு? தினமும் அந்த வழியே ஸ்கூட்டரில் போகிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். சாலைகளை அளக்கத் தானியங்கி வண்டி வாங்கும் நகரங்கள் குழிகளின் எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிக்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. இன்னும் குழியாகாத இடத்தைக் காட்டத்தானே அந்த வண்டி!

அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். வண்டியின் பின்னாலிருந்து சாலையின் குறுக்கே ஒரு லேசர் கோடு விழும். சாய்ந்த கோணத்தில் ஒரு கேமரா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். தளம் சமமாக இருந்தால் கோடு நேராக ஓடும். விரிசல் வந்தால் அந்த இடத்தில் மட்டும் சற்றே இறங்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடுகள். போக்குவரத்தை நிறுத்தாமலே, சில மில்லிமீட்டர் அகல விரிசலும் ஆழத்தோடு பதிவாகிவிடும். நோட்டும் கையுமாக வெயிலில் நடக்கிற ஊழியர் எத்தனை தெருவை இப்படிப் பார்க்க முடியும்?

அந்தச் சின்ன விரிசலுக்கா இவ்வளவு என்று தோன்றலாம். சக்கரம் ஓடும் தடத்தில் முதலில் நீளவாக்கில் ஒரு கோடு விழும். அது கிளை பிரிந்து முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாகும். மழைநீர் உள்ளே இறங்கி ஜல்லிப் படுகையை ஊறவைக்கும். மேலே லாரி ஏற ஏற, அடி மண் சேறாகப் பிதுங்கி வெளியே வரும். பிடிமானம் போனதும் ஒரு கட்டம் பெயர்ந்துவிடும். அதன் பிறகுதான் நாம் புகார் கொடுக்கிறோம். தொடக்கத்திலேயே அடைக்க ஆகும் செலவு எங்கே, தோண்டிப் புதிதாகப் போடும் செலவு எங்கே!

1970களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய சாலையின் நிலைக்கு 0 முதல் 100 வரை (100 என்றால் பழுதே இல்லை) மதிப்பெண் போடும் முறை இன்றும் பல நகரங்களில் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 70 வாங்கிய தெருவுக்குப் பணம் ஒதுக்கினால், "நல்ல ரோட்டுக்கு எதுக்குச் செலவு?" என்று சண்டைக்குப் போகிறோம். 15 வாங்கிய தெருவை எப்படியும் முழுதாகத்தான் போட வேண்டும். ஆபத்தான குழிகளை உடனே அடைத்துவிட்டால் அது கொஞ்சம் காத்திருக்கலாம். 70 காத்திருக்க முடியாது. இதைச் சொன்னால் திட்டு விழும், தெரியும். ஆனாலும் கணக்கு அதுதான்.

மேடுபள்ளத்தை மட்டும் அளந்து விட்டுவிடுவதும் நகரத்துக்குப் போதாது. 1982இல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய சோதனைகளிலிருந்து பிறந்த கரடுமுரடுக் குறியீடு, வண்டி ஒரே சீராக ஓடும் நெடுஞ்சாலைக்கு நன்றாகப் பொருந்தும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊர்ந்தால் கருவியின் கணக்கு தடுமாறும். மேன்ஹோல் மூடியில் ஏறி இறங்குவதும் அதில் சேர்ந்துவிடும்.

செல்போன் குலுங்குவதை வைத்துப் பள்ளம் கண்டுபிடிக்க பாஸ்டன் நகரம் ஒரு செயலியை வெளியிட்டது. ஸ்மார்ட்போன் குறைவாக உள்ள ஏழைகள், முதியோர் வாழும் தெருக்கள் விடுபட்டுவிடுமே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அளக்கும் வண்டி எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். வண்டி நுழையாத சந்துக்கு சைக்கிளிலாவது கேமரா போக வேண்டும்.

எடுத்த படங்களைத் தெருவாரியாக, தேதியோடு பொதுவில் வையுங்கள். என் தெருவுக்கு 62 என்றால், அது எந்த விரிசலால் வந்தது என்று நான் பார்க்க வேண்டும். மர நிழலையும் பழைய ஒட்டின் விளிம்பையும் மென்பொருள் விரிசலென்று எண்ணியிருந்தால், அதைச் சுட்டிக்காட்டித் திருத்தக் கேட்க வழி வேண்டும்.