ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் ஒரே ஃபார்ம்

கல்லூரி ஆசிரியர்களின் பணித் திருப்தி பற்றி மறுபடியும் ஒரு கூகுள் ஃபார்ம் வந்திருக்கிறது. வணிகவியல், மேலாண்மை ஆய்வாளர்களுக்கு இந்தத் தலைப்பின் மேல் அப்படி என்ன பாசமோ! ஒன்று முதல் ஐந்து வரை ஏதாவது ஒரு எண்ணைத் தட்ட வேண்டும். வயது, பாலினம், அனுபவம் எல்லாம் கேட்கிறார்கள். நிரந்தரமா, தற்காலிகமாகப் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளரா என்று மட்டும் கேட்கவில்லை.

அரசு கலைக் கல்லூரியில் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்டும் பிரயோஜனமில்லை. நான் நிரந்தரப் பணியில் இருப்பவன். ஏழாவது ஊதியக்குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். பக்கத்து நாற்காலியில் அதே நெட் தகுதித் தேர்வு, அதே பிஎச்.டி.யோடு உட்கார்ந்திருக்கும் கௌரவ விரிவுரையாளருக்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் மாதம் 20,000ஐ 25,000 ஆக்கினார்கள். அதுவும் 11 மாதத்துக்கு. மே மாதம் கிடையாது. இவர்களுக்கு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019லேயே சொல்லியாயிற்று.

எனக்கும் குறைகள் உண்டு. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறதென்றால் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு ஃபைல் தயாரிப்பதே வேலையாகிவிடும். பதவி உயர்வுக் கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது. ஆனால் இதெல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம் ஏறிய பிறகு பேசுகிற குறை. என்னுடைய நான்கையும் அவருடைய இரண்டையும் கூட்டி வகுத்து, ‘ஆசிரியர்கள் மிதமான திருப்தியுடன் உள்ளனர்’ என்று ஆய்வேட்டில் எழுதினால் அது யாருடைய திருப்தி?

பாடம் நடத்துவது பிடித்திருக்கிறதா என்று கேட்டால் அவர் ஐந்தே போடுவார். எங்களிடம் படிப்பதில் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பிள்ளைகள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பமோ, வீட்டுப் பிரச்சினையோ, “சார்” என்று அவரிடம்தான் போய் நிற்கிறார்கள். அந்தத் திருப்தி நிஜம். அதைத்தான் அவர் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறோம்.

கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போனால் “பர்மனென்ட்டா தம்பி?” என்பதுதான் முதல் கேள்வி. 2024இல் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) அறிவிப்பு வந்தது, தேர்வு தள்ளிப்போனது. பகலில் பாடம் நடத்திவிட்டு, தான் நடத்திய பாடத்தையே ராத்திரி போட்டித் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்கிறார் மனிதர், அதுவும் நாற்பது வயதுக்கு மேல். தேர்வு வைத்து எடுக்கட்டும், யார் வேண்டாமென்றது? அதுவரை யுஜிசி சொன்ன சம்பளத்தைப் 12 மாதமும் கொடுங்கள்.