டெக்கீலா ஊருக்குப் போனா மொதல்ல வயலைப் பாருங்க

மெக்சிகோவுல குவாடலஹாரா போறவங்கள்ல நிறைய பேர், காலைல டூர் பஸ் ஏறி 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கற டெக்கீலா ஊருக்குப் போய், அந்த ஊர் பேரையே வச்ச டெக்கீலா மதுவை அதை வடிக்கற டிஸ்டில்லரில நாலு கிளாஸ் ருசி பாத்துட்டு பாட்டிலோட திரும்பிடறாங்க. எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்ல.

குவாடலஹாராவுலயே ஒஸ்பிசியோ கபான்யாஸ்னு ஒரு இடம் இருக்கு, ஆதரவற்றவங்களுக்குக் கட்டின பழைய இல்லம். இடது கையை இழந்த மெக்சிகோ ஓவியர் ஒரோஸ்கோ 1930கள்ல அங்க சுவர், கூரைன்னு வரைஞ்சு தள்ளியிருக்கார், குவிமாடத்துல தீயா எரியற மனுஷன், பெஞ்சுல மல்லாந்து படுத்துப் பாக்கணும். அதுக்கு அரை நாள் குடுங்க, பக்கத்து மார்க்கெட்ல டோர்டா அஹோகாடா (காரச் சாஸ்ல முக்கின சாண்ட்விச்) சாப்பிடுங்க, காரம் நம்ம நாக்குக்கும் உறைக்கும்.

டெக்கீலா வரும்போது எரிமலை அடிவாரம் முழுக்க நீலக் கத்தாழை, அந்த மதுவே இதுலேருந்துதான் வருது. இந்த நிலப்பரப்பையே யுனெஸ்கோ 2006ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துடுச்சு. எங்க டூர்ல அங்க நிறுத்தினது போட்டோ எடுக்க மட்டுந்தான், அநியாயம்! ஒரு செடி வெட்டுக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும்ங்க. வெட்டறவர் பேரு ஹிமாடோர், நீளக் கம்பு நுனில வட்டத் தகடு வச்ச கோவாவால முள் இலையெல்லாம் சீவிக்கிட்டே போறார், தகடு அவர் கால்கிட்டதான் வந்து விழுது, அசந்தா பாதம் போச்சு. கடைசில மிஞ்சற நடுப்பகுதியே பெரும்பாலும் 30, 40 கிலோ இருக்கும், அதையும் அவங்களே தூக்கி லாரில போடணும். இந்த உழைப்பைப் பாக்காம கிளாஸைத் தூக்கறது எனக்குச் சரியாப் படல.

அந்த நடுப்பகுதியைச் சூளைல வேகவச்சு ஒரு துண்டு குடுத்தாங்க. பழுப்பு நிறம், கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது, கரும்பு மாதிரி மென்னு சாறை முழுங்கிட்டு சக்கையைத் துப்பணும், அவ்ளோ தித்திப்பு.

இன்னொரு விஷயம், பூத்தா சர்க்கரையெல்லாம் பூத்தண்டுக்குப் போயிடும்னு, தண்டு வர்றப்பவே அதை வெட்டிடறாங்க. நடறதும் பக்கக் கன்னுதான், அதனால வயல் முழுக்க கிட்டத்தட்ட ஒரே மரபணு, நோய் வந்தா மொத்தமா அடி வாங்கும். அந்தப் பூவோட தேனைக் குடிக்கற வௌவாலுக்கும் தீனி இல்ல. சில விவசாயிங்க மட்டும் வௌவாலுக்குன்னே கொஞ்சம் செடியைப் பூக்க விடறாங்க, அவங்க சரக்கு எங்க கிடைக்கும்னு கைடுகிட்ட கேளுங்க, நாலு பேர் கேட்டாத்தான் மத்தவங்களும் செய்வாங்க.

பாட்டில் வாங்கியே ஆகணும்னா லேபிள்ல 100% அகாவேன்னு (அதாவது முழுக்கக் கத்தாழைன்னு) போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. அது இல்லாததுல கத்தாழைச் சர்க்கரை 51% இருந்தாலே போதும்னு சட்டமே இருக்கு, மீதி கரும்புச் சர்க்கரை மாதிரி வேற ஏதாவது. உப்பு, எலுமிச்சையெல்லாம் வேணாம், கொஞ்சங்கொஞ்சமா குடிங்க.