தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு காதல் நாவல்

குன்னூரில் டிசம்பர் பத்துக்கு மேல் தையல்காரர்கள் புதுத் துணி வாங்க மாட்டோம். வாங்கினால் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்க முடியாது. இந்த வருஷம் நான் பதினெட்டாம் தேதி வரை வாங்கினேன். பீடச் சிறுவர்களுக்கு இருபத்திரண்டு அங்கி, பாடகர் குழுப் பெண்களுக்கு ஒரே கலரில் பதினான்கு ஜாக்கெட், பொடிசுகளின் நெட் ஃபிராக்குக்குக் கணக்கே இல்லை. அது போக ஜனவரிக் கல்யாணங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரம், திருவருகைக் காலத்தில், எங்கள் கோயில்களில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் எல்லாம் ஜனவரியில் வந்து குவியும். கல்யாண ஜாக்கெட் துணி மட்டும் டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் முந்நூறு பக்க இங்கிலீஷ் காதல் நாவல் ஒன்றைப் படித்து முடித்தேன். அதற்காக இந்த மாதம் நிறைய கேள்வி கேட்டுவிட்டார்கள். "இவ்வளவு வேலைய வெச்சுக்கிட்டு புக்கா?" என்று ஒருத்தர். "திருவருகைக் காலத்துல செபமாலை சொல்லாம காதல் கதையா?" என்று அன்பியத்தில், அதாவது எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற செபக் கூட்டத்தில், ஒரு அக்கா. கேட்டவர்களுக்கு அப்போது பதில் சொல்ல நேரமில்லை, வாயில் ஊசி இருந்தது. இப்போது சொல்கிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தைக் கொடுத்தது எங்களிடம் ஜாக்கெட் தைக்கிற ஒரு ரிட்டயர்டு டீச்சர். நான் கான்வென்டில் பிளஸ் டூ வரை படித்தவள். இங்கிலீஷ் ஓடும், ஆனால் மெதுவாக. ஒரு நாளைக்குப் பதினைந்து பக்கம் தாண்டாது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து அயர்ன் பாக்ஸைப் போட்டு, அது சூடானதும் அதன் மேல் கையைக் காட்டி விரலைச் சரிபண்ணிக்கொள்வேன். டிசம்பர்க் குளிரில் விரல் விறைத்துப் போயிருந்தால் ஊசி துணிக்குள் போகாது, சதைக்குள்தான் போகும். அந்தக் கால் மணி நேரம்தான் படிப்பு. அப்புறம் மழைக்குக் கரண்ட் போகும்போதெல்லாம் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு நாலு பக்கம்.

இந்த வகைக்கு அமெரிக்காவில் இன்ஸ்பிரேஷனல் ரொமான்ஸ் என்று பெயர். காதல் இருக்கும், முத்தத்துக்கு மேல் எதுவும் இருக்காது. கதாநாயகனும் நாயகியும் சேர்வதற்குள் இரண்டு பேரில் ஒருவராவது கடவுளோடு ஒரு சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்பார்கள். முடிவு நல்லபடியாகத்தான் இருக்கும், அதில் மாற்றமே கிடையாது. கனடாக்காரரான ஜேனட் ஓக் 1979-ல் எழுதிய முதல் நாவல்தான் இந்த வழியைப் பெரிதாகத் திறந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார். அந்த நாவலின் நாயகி பத்தொன்பது வயசுப் பெண், வயிற்றில் பிள்ளையோடு புருஷனைப் பறிகொடுத்தவள். இந்த வகையின் வாசலிலேயே ஒரு கைம்பெண் நிற்கிறாள் என்பதை நான் மறக்கவில்லை.

நான் படித்ததிலும் நாயகி கைம்பெண். நாற்பத்தொரு வயசு. சின்ன ஊர், பனி கொட்டுகிறது, கோயில் கூரை ஒழுகுகிறது, கிறிஸ்துமஸுக்குள் சரிபண்ண ஒரு தச்சர் வருகிறார். மீதியை நீங்களே சொல்லிவிடலாம். எனக்கும் இருபதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

தெரிந்தும் ஏன் படித்தாய் என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீ குடித்துவிட்டு, சாயங்காலம் வரும்போது மார்க்கெட்டில் கேரட் வாங்கி வருகிறேன் என்று சொல்லித் தேயிலை ஃபேக்டரிக்குப் போனார். மதியம் இரண்டு மணிக்கு ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து எதற்கும் முடிவு என்னவென்று நிச்சயமாகத் தெரிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. முடிவை யூகிக்க முடியாத கதைகளை உயர்ந்த எழுத்து என்று கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும், தப்பில்லை. நாள் முழுக்க இன்னொருத்தர் உடம்பு அளவுக்குத் தன் கையை அடக்கி உழைக்கிறவளுக்கு, "பயப்படாதே, இது நல்லபடியாக முடியும்" என்று முதல் பக்கத்திலேயே வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றவும் செய்கிற புத்தகம் எவ்வளவு பெரிய துணை என்பது எனக்குத் தெரியும்.

குறையும் உண்டு. அந்த நாயகிக்குக் கிறிஸ்துமஸ் வாரத்தில் கணப்பு அடுப்பு முன்னால் ரெண்டு பக்கத்துக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. சிவப்பு வெல்வெட் கவுன் ஒன்று போட்டுக்கொண்டு பூசைக்கு வருகிறாள், அதை யார் தைத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. வெல்வெட் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மெஷின் பாதத்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டே போகும். முதலில் கையால் டேக் தையல் போட்டு வைக்காமல் ஒரு ஓரமும் நேராக வராது. அப்புறம், அவள் வேண்டினால் அடுத்த அத்தியாயத்திலேயே பதில் வந்துவிடுகிறது. எனக்கு ஆறு வருஷமாகச் சில கேள்விக்குப் பதில் வரவில்லை. நம்பிக்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் காத்திருப்பதையும் அதே அளவுக்கு எழுத வேண்டும். திருவருகைக் காலமே காத்திருப்பதுதானே.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் ஒரு கல்யாண ஜாக்கெட் துணி வந்திருந்தது. கிரீம் கலர் டிஷ்யூ பட்டு. பெண்ணுக்கு அளவெடுத்து, பேப்பரில் வெட்டிப் பார்த்து, லைனிங் துணியை நனைத்துக் காயப்போட்டு வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பெண்ணின் அம்மா வந்தார். உட்காரவில்லை. "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, அவங்க அத்தை ஒருத்தங்க சொல்றாங்க... கல்யாணத் துணி பாருங்க, மொத கத்தரி..." என்று இழுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. தாலியறுத்தவள் கை கல்யாணத் துணியில் படக்கூடாது. "அட்வான்ஸ நீங்களே வெச்சுக்கங்க" என்றார். துணியோடு சேர்த்துப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. படி இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனார். ஒவ்வொரு ஞாயிறும் சமாதானம் சொல்லும்போது எனக்கு முன்னால் திரும்பிக் கும்பிடுகிறவர்தான்.

அன்றைக்கு ராத்திரி நான் படிக்க வேண்டியிருந்த அத்தியாயத்தில், நாயகியின் செத்துப்போன புருஷனுடைய அம்மா வருகிறாள். தன் கல்யாணத்துக்குப் போட்ட பழைய லேஸ் துணியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து மருமகள் மடியில் வைத்து, "இது உனக்குத்தான்" என்கிறாள்.

நான் தனியாகப் படிக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். என் மாமியார் என்னோடுதான் இருக்கிறார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் ஹெம்மிங் செய்வேன், அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பார். அன்றன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே தைப்பேன். தச்சரை அத்தைக்கு முதலிலிருந்தே பிடித்துப்போயிற்று. "கூலி எவ்வளவுன்னு கேக்காம கூரை மேல ஏறிட்டான் பாரு" என்றார். லேஸ் துணி கட்டத்தைச் சொன்னபோது கொக்கி வைக்கிற கை நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, "புள்ளையப் பறிகொடுத்தவதானே அவளும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

பதினேழாம் தேதி காலைப் பூசையில் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் வாசிப்பார்கள். ஆபிரகாமிலிருந்து இயேசு வரைக்கும் பெயர்ப் பட்டியல், பதினான்கு பதினான்காக மூன்று அடுக்கு. வருஷா வருஷம் கேட்பதுதான், மனசு வேறெங்கோ போய்விடும். இந்த வருஷம் மட்டும் உட்கார்ந்து எண்ணினேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் மரியாவுக்கு முன்னால் நாலே நாலு பெண்கள் வருகிறார்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. இதில் தாமார் புருஷனை இழந்தவள். ரூத்து புருஷனை இழந்தவள். உரியாவின் மனைவியும் அப்படியே, அவள் புருஷனைத் தாவீது போரில் சாகக் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். நாலு பேரில் மூன்று பேர் கைம்பெண்கள். மூன்று பேருக்கும் அதற்கப்புறம் பிள்ளை பிறந்ததால்தான் அந்தப் பட்டியல் அறுபடாமல் மாட்டுக்கொட்டகை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. குடில் கட்டுகிறோமே, அந்தக் குழந்தையின் கொடிவழி தாலியறுத்த பெண்களின் கை வழியாக வந்தது.

ரூத்தின் கதை நடந்த ஊர் எது? பெத்லகேம். வாற்கோதுமை அறுப்பு நேரத்தில் ஒரு அயல்நாட்டுக் கைம்பெண் சிந்திய கதிர் பொறுக்கப் போகிறாள். வயலுக்குச் சொந்தக்காரர் போவாசு, அவளுக்காகக் கொஞ்சம் கதிரை வேண்டுமென்றே உருவிப் போட்டுவிட்டுப் போகும்படி ஆட்களிடம் சொல்கிறார். இதைவிட நல்ல காதல் காட்சியை நான் எங்கேயும் படித்ததில்லை. குளித்து, வாசனை பூசி, நல்ல துணி உடுத்திக்கொண்டு அவரிடம் போ என்று அவளை அனுப்புவது யார்? மாமியார் நகோமி. அன்பியத்தில் கேட்ட அக்காவுக்கு இதுதான் என் பதில். பெத்லகேமின் காதல் கதை திருவிவிலியத்திலேயே இருக்கிறது, நாலு அதிகாரம், ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம்.

புருஷன் இறந்துவிட்டால் மனைவிக்குக் கட்டு இல்லை, விருப்பமானவரை ஆண்டவருக்குள் மணந்துகொள்ளலாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் ஏழாம் அதிகாரத்தில் சொல்லிவிட்டார். திருச்சபைச் சட்டத்திலும் தடை கிடையாது. பிறகு அந்த முதல் கத்தரி எங்கிருந்து வந்தது? நம் வீடுகளிலிருந்து வந்தது. ஞானஸ்நானம் வாங்கும்போது நாம் விட்டுவிட்டு வராத சாமான்களில் அதுவும் ஒன்று.

இங்கேதான் நாவலோடு எனக்குக் கடைசிச் சண்டை. நாயகிக்குக் கல்யாணம் ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டதாகப் புத்தகம் நினைக்கிறது. கைம்பெண்ணின் சந்தோஷம் என்றால் அது இன்னொரு புருஷன்தான் போலிருக்கிறது. அப்படி விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்துகொள்ள வேண்டும், ஊரே பலகாரத்தோடு போய் நிற்க வேண்டும். எனக்குக் கல்யாணம் வேண்டாம். கல்யாண ஜாக்கெட் தைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கையால் எத்தனையோ மணப்பெண்களை அனுப்பி வைத்திருக்கிறேன். அதில் முதல் பதினாறு வருஷம் நல்ல கையாக இருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தில் மாறிவிடாது.

ஆனாலும் அந்த எழுத்தாளருக்கு நன்றியோடுதான் இருக்கிறேன். உயர்ந்த இலக்கியம் என்று டீச்சர் முன்பு கொடுத்த புத்தகங்களில் வந்த கைம்பெண்கள் எல்லாரும் அழுதார்கள், ஏமாந்தார்கள், கிணற்றில் விழுந்தார்கள். நாற்பது தாண்டிய ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று தலைவாருவதைக் குற்றமாகப் பார்க்காமல், அவள் சிரிப்பதைக் கடவுளும் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்று எழுதியிருந்தது, எல்லாரும் மட்டமாகப் பேசுகிற இந்த அட்டைப்படம் போட்ட காதல் நாவலில்தான்.

தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா காலத்திலிருந்து மாத நாவல் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு புத்தகம் அட்டை கிழியும் வரை பத்து வீடு சுற்றும். நம் மலையில் நடக்கிற கிறிஸ்துமஸ் காதல் கதை ஒன்று அதில் என் கைக்கு வந்ததில்லை. இந்த மலையின் படகர் சமூகத்தாரின் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் வந்து தங்கிப் பார்த்து நாவலாக்கினார். அதுபோல எங்கள் டிசம்பரையும் யாராவது எழுதுங்கள். இங்கே பஞ்சு மாதிரி பனி கொட்டாது, உறைபனிதான். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் விடிகாலையில் புல் மேல் உப்புத் தூவின மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். டூரிஸ்டுகள் வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பார்கள், அதே பனியில் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். பச்சைத் தேயிலை போட்டுப் பிழைக்கிற குடும்பத்தில் அந்த வருஷம் புதுத்துணி எடுப்பார்களா மாட்டார்களா என்பது அதில் இருக்கிறது. மழை வலுத்தால் கல்லாறுக்கு மேல் தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் நிற்கும், வர வேண்டிய ஆள் மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொள்வார். வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்களுக்குக் கடைசி வீட்டில் சுக்குக் காப்பியும் வர்க்கியும் கிடைக்கும். இதற்குள் ஒரு காதலுக்கு இடமில்லையா? நாயகிக்கு நாற்பத்தெட்டு வயசு இருக்கட்டும். அவள் துணியை யார் தைத்தார்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஆறரைக்குக் கடைசி அங்கியைப் பங்குக் கோயிலில் கொடுத்துவிட்டு வந்து, கடைசி பதினோரு பக்கத்தையும் படித்து, நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பும் முன்னால் அத்தைக்குச் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு அத்தை ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டே, "அந்தக் கெழவி என்ன ஆனா? லேஸ் குடுத்தாளே, அவ" என்றார். புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை.

"சரி, அந்த நகோமி?" என்றார்.

திருவிவிலியத்தை எடுத்து ரூத்து நாலாம் அதிகாரத்தைப் படித்துக் காட்டினேன். ரூத்துக்கு ஓபேது பிறந்ததும் நகோமி அந்தக் குழந்தையை எடுத்து மடியில் வைத்து வளர்க்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, நகோமிக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்று சொல்லிப் பெயர் வைக்கிறார்கள். அத்தை அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அதற்குள் முதல் மணி அடித்துவிட்டது, டார்ச்சை எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் படி ஏறினோம்.