எண்ணைத் தேடுங்கள், பெயரை அல்ல

"நிலமில்லாத கூலிகளுக்கு ஆவணம் ஏது?" என்று, முன்னோரைத் தேடுவது பற்றி எழுதிய கட்டுரையாளர் ஒருவர் கையை விரித்துவிடுகிறார். ஊரிலேயே இருந்து மாண்டவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பட்டா இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆனால் கப்பல் ஏறியவர்களின் கதை வேறு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி, 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனார்கள். கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் இருக்கின்றன. உயரமும் உடலில் உள்ள தழும்பும்கூட! பண்ணையாருக்குக்கூட இத்தனை விவரம் எழுதிவைக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெயரை மட்டும் நம்பித் தேடினால் தலை சுற்றும். முனியனும் முனியம்மாளும் பட்டியலுக்குப் பட்டியல் வருவார்கள். போதாததற்கு, ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் கப்பலில் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. திருமணம், பிறப்பு, இறப்புப் பதிவுகளில் அந்த எண்ணைப் பார்க்கலாம். குடும்பத்தின் பழைய சான்றிதழ்களை முதலில் புரட்டுங்கள். எண் கிடைத்துவிட்டால் கப்பலும் கிடைத்துவிடும். பட்டியலில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் உரக்க வாசித்துப் பாருங்கள். எழுத்தில் பிடிபடாதது காதில் சில நேரம் பிடிபடுகிறது.