மின்சார வாகனம் முதலில் தோட்டத்துக்கு வரட்டும்

நம் மலேசியாவில் மின்சார வாகனம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது காரைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. பேராக் மாநிலத்தில், தோட்டங்கள் சூழ்ந்த சிலிம் ரிவரில் வாழும் எனக்கு இது நியாயமாகப் படவில்லை. இங்கிருந்து பேராங்கைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம். அங்குதான் 2025 செப்டம்பரில் மலேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் தன் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆயினும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து, வேலை நடக்கும் தீம்பாருக்கும், தமிழ்ப்பள்ளிக்கும், டவுனுக்கும் நம் மக்களைச் சுமந்து செல்வது கப்சாய் என்னும் சிறிய பெட்ரோல் மோட்டார் சைக்கிள்தான். மின்சாரம் முதலில் வரவேண்டியது அதற்கு; அடுத்து, பாமாயில் தரும் செம்பனை மரங்களுக்கு மேலும் கீழும் நடக்கும் மருந்தடிப்பு வேலைக்கு.

கப்சாயின் கணக்கைப் பார்ப்போம். 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பெட்ரோல் போதும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 என்னும் பெட்ரோல் மானியத் திட்டத்தின், லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்ற விலையில் அது ஏறத்தாழ நான்கு ரிங்கிட். அதே தூரத்தை மின்சார மோட்டார் சைக்கிள் மூன்று, நான்கு யூனிட் மின்சாரத்தில் கடந்துவிடும். வீட்டுக் கட்டணத்தில் அது இரண்டு ரிங்கிட்டைத் தாண்டாது. எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை. ஆனால் பெட்ரோல் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்வரை, இந்தச் சேமிப்பை மட்டும் நம்பி யாரும் புது வண்டி வாங்க மாட்டார்கள். அதனால்தான் ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாதவர்களுக்கு மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் அறிவித்த, 2,400 ரிங்கிட் வரையிலான கழிவை முக்கியமானதாகக் கருதுகிறேன்.

கழிவு கிடைத்தாலும் பேட்டரியை எங்கே சார்ஜ் செய்வது என்ற கேள்வி நிற்கிறது. பழைய லயத்து வீட்டின் வயரிங் விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று போடப்பட்டது. இரவு முழுவதும் சார்ஜரை அதில் மாட்டி வைக்கச் சொல்வதற்கு எனக்கு மனம் வராது. நாடு முழுவதும் 10,000 பொதுச் சார்ஜர்கள் என்ற 2025-ஆம் ஆண்டு இலக்கு எட்டப்படவில்லை. இருப்பவையும் பேரங்காடிகளையும் நெடுஞ்சாலை ஓய்விடங்களையும் ஒட்டியே பெருகுகின்றன. கழற்றி எடுக்கக்கூடிய பேட்டரிகளை, தோட்டத்து அலுவலகத்துக்கு அருகில், முறையான மின் இணைப்போடு ஓர் அறையில் வைத்து மாற்றிக்கொடுக்கும் ஏற்பாடு இருந்தால், லயத்து வயரிங்கைத் தொடாமலேயே இந்தச் சிக்கலைத் தீர்க்கலாம்.

கார் வாங்கியே ஆகவேண்டிய குடும்பங்களுக்கு இப்போதைக்கு, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டே பொருத்தம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கிச் சேர்த்துவைக்கும் இந்த முறை, 1997-இல் டொயோட்டா பிரியஸோடு பரவலான விற்பனைக்கு வந்து நன்றாகத் தேறிவிட்டது; அதற்குச் சார்ஜரும் தேவையில்லை.

இனி வானம். பறக்கும் டாக்சி பற்றிய படங்களைப் பலர் ஆர்வத்தோடு பகிர்கிறார்கள். ஆனால் ஒரு கிலோ பேட்டரியில் அடங்கும் ஆற்றல் சுமார் 250 வாட்-மணி, அதாவது கால் யூனிட். ஒரு கிலோ விமான எரிபொருளிலோ சுமார் 12,000. இந்த இடைவெளியால்தான், 2020-இல் ஐரோப்பாவில் முதன்முதலாக முழுச் சான்றிதழ் பெற்ற மின்சார விமானமான பிப்பிஸ்திரெல் வெலிஸ் எலெக்ட்ரோ, இருவரைச் சுமந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே பறக்கிறது. பேட்டரியால் இன்றைக்கே பயன் தரக்கூடிய பறத்தல் என்பது சில நிமிடம் எழும்பி, இறங்கி, பேட்டரி மாற்றி, மீண்டும் எழும்புவது. மருந்தடிக்கும் டிரோன் செய்வதும் அதையேதான்.

இது எனக்கு வெறும் தொழில்நுட்பச் செய்தியாக இல்லை. என் அம்மா முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து பல காலம் வேலை செய்தவர். தோட்டங்களில் அந்த வேலை பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே விழுந்தது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை 2002-இல் தடைசெய்து, 2006-இல் அந்தத் தடையை நீக்கி, 2020 ஜனவரி 1-இல்தான் மீண்டும் முழுமையாகத் தடை செய்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அதைத் தோளில் சுமந்தவர்கள் நம் அம்மாக்களும் அக்காக்களும் என்பதை நான் மறக்கத் தயாரில்லை.

ஆகவே டிரோனை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தன் கூட்டைத் தானே சுமந்து செம்பனை ஓலையைத் தின்னும் புழுவுக்கு மேலிருந்து மருந்து தெளிக்கலாம், இளங்கன்றுகளுக்கும் தெளிக்கலாம். வளர்ந்த மரங்களின் ஓலைகள் கூரைபோல் மூடிய இடத்தில், மரத்தடி வட்டத்துக் களைக்கு மேலிருந்து அடிக்கும் மருந்து போய்ச் சேராது. களைக்கொல்லி அடிக்கும் பெண்ணின் முதுகுச் சுமை அப்படியே இருக்கிறது என்பதே இதன் பொருள். மரவரிசைகளுக்கு இடையே தொட்டியைச் சுமந்து ஓடும் சிறிய மின்சார வண்டிதான் அவருக்கு வேண்டும். டிரோனைப் படம் பிடித்துப் போட்டுவிட்டுத் தோட்டம் நவீனமாகிவிட்டது என்று நிர்வாகங்கள் அறிவிப்பதற்கு முன், இந்த வண்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிரோனை இயக்கப்போவது யார் என்பதும் எனக்குக் கவலை தருகிறது. வேளாண் டிரோன் ஓட்ட மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளின்படி தகுதியும் அனுமதியும் பெற வேண்டும். அதற்கான பயிற்சி பெற்ற குழுக்களை வெளியூரிலிருந்து ஒப்பந்தத்துக்கு அழைத்துவந்தால், நம் பிள்ளைகள் தீம்பார் ஓரம் நின்று வேடிக்கை பார்க்கத்தான் முடியும். மலேசிய இந்தியர்களின் முன்னேற்றத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் நிதியில் ஒரு பகுதியை டிரோன் பயிற்சிக்கும், மின்சார மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பயிற்சிக்கும் ஒதுக்கி, அவற்றைச் சிலிம் ரிவர், சுங்காய், பீடோர் போன்ற தோட்டப்புற ஊர்களிலேயே நடத்த வேண்டும் என்று கேட்கிறேன். அதில் முதல் இடங்கள், முன்பு மருந்துத் தொட்டியைச் சுமந்த பெண்களின் மகள்களுக்கும் மகன்களுக்கும் கிடைக்க வேண்டும்.